ஸ்காட்லாந்துக்கே விஸ்கி விற்ற பெங்களூரு: இந்திய சிங்கிள் மால்ட் வளர்ந்தது எப்படி? அடுத்து என்ன சிக்கல்?

2004 ஆகஸ்ட் மாதம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் உள்ள ஒரு இந்திய உணவகத்தில், பெங்களூருவைச் சேர்ந்த அம்ருத் டிஸ்டில்லரீஸ் நிறுவனம் ஒரு புதிய பாட்டிலை அறிமுகப்படுத்தியது. அது இந்தியாவில் தயாரான சிங்கிள் மால்ட் விஸ்கி. திருநெல்வேலிக்கே போய் அல்வா விற்பது மாதிரியான வேலைதான். அப்போது அதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

2023க்கு வருவோம். அந்த ஆண்டு இந்தியாவில் விற்ற சிங்கிள் மால்ட் விஸ்கி சுமார் 6 லட்சத்து 75 ஆயிரம் கேஸ். அதில் சுமார் 3 லட்சத்து 45 ஆயிரம் கேஸ் உள்நாட்டுத் தயாரிப்பு. ஸ்காட்லாந்து உள்ளிட்ட வெளிநாடுகளில் இருந்து வந்தது சுமார் 3 லட்சத்து 30 ஆயிரம் கேஸ். இந்திய மதுபான நிறுவனங்களின் கூட்டமைப்பு வெளியிட்ட கணக்கு இது. ஒரு கேஸ் என்றால் 9 லிட்டர், அதாவது 750 மில்லி பாட்டில்கள் 12.

சொந்த ஊர் சந்தையில் ஸ்காட்ச் சிங்கிள் மால்ட்டை இந்திய சிங்கிள் மால்ட் முந்திவிட்டது என்று அப்போது செய்திகள் வந்தன. இது எப்படி நடந்தது? இதற்கு முன்னால் ஏன் நடக்கவில்லை? இப்போது ஸ்காட்ச் மீதான இறக்குமதி வரி குறையப்போகிறதே, இந்த வளர்ச்சி தாக்குப்பிடிக்குமா? விரிவாகப் பார்க்கலாம்.

சிங்கிள் மால்ட் என்றால் என்ன?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். 'சிங்கிள்' என்றால் ஒரே பீப்பாயில் இருந்து எடுத்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரே டிஸ்டில்லரியில் தயாரானது என்பதுதான் அதற்கு அர்த்தம். 'மால்ட்' என்றால் முளைகட்டிய பார்லி. ஆக, முளைகட்டிய பார்லியை மட்டும் வைத்து, ஒரே டிஸ்டில்லரியில், செம்பால் ஆன பானை வடிவ கொதிகலனில் காய்ச்சி வடித்து, மரப் பீப்பாயில் ஊறவைத்தால் அது சிங்கிள் மால்ட்.

முளைகட்டுவது எதற்கு? வீட்டில் கேழ்வரகை முளைகட்டி மாவு அரைத்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். தானியம் முளைவிடும்போது அதற்குள் இருக்கும் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும் என்சைம்கள் உருவாகின்றன. அந்த நேரத்தில் சூடான காற்றில் உலர்த்தி முளையை நிறுத்திவிடுவார்கள். பிறகு அரைத்து வெந்நீரில் கலந்தால் இனிப்பான கரைசல் கிடைக்கும். அதில் ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க வைத்தால் கிட்டத்தட்ட பீர் போன்ற ஒரு திரவம் வரும். அதைச் செப்புக் கொதிகலனில் இரண்டு முறை காய்ச்சி வடிப்பார்கள்.

வடித்து எடுத்ததும் கிடைப்பது தண்ணீர் மாதிரி நிறமே இல்லாத சாராயம்தான். பொன் நிறம் வருவது, வாசனை மாறுவது, காரம் அடங்குவது எல்லாம் ஓக் மரப் பீப்பாய்க்குள் நடப்பவை. பெரும்பாலும் பயன்படுத்தப்படுவது, அமெரிக்காவில் போர்பன் விஸ்கி வைத்திருந்த பழைய பீப்பாய்கள். அமெரிக்கச் சட்டப்படி போர்பனைப் புதிய ஓக் பீப்பாயில்தான் வைக்க வேண்டும். ஒருமுறை பயன்படுத்திய பீப்பாய் அவர்களுக்கு அதே வேலைக்கு மறுபடி உதவாது. அதைத்தான் ஸ்காட்லாந்தும் இந்தியாவும் வாங்கிக்கொள்கின்றன.

அப்போ நம்ம ஊர் கடையில் விற்பது என்ன?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. உலகிலேயே அதிகமாக விஸ்கி குடிக்கும் நாடு இந்தியா. ஆனால் இந்தியாவில் விஸ்கி என்ற பெயரில் விற்பதில் பெரும்பகுதியை ஐரோப்பாவில் விஸ்கி என்று லேபிள் ஒட்டி விற்கவே முடியாது.

காரணம், மூலப்பொருள். சர்க்கரை ஆலையில் கரும்புச் சாறைக் காய்ச்சிச் சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் கருப்பான பாகுதான் மொலாசஸ். அதிலிருந்து எடுக்கும் சுவையற்ற, மணமற்ற ஸ்பிரிட்டுடன் கொஞ்சம் மால்ட் விஸ்கியோ இறக்குமதி செய்த ஸ்காட்ச்சோ கலந்து நிறம் சேர்ப்பது பல காலமாக இருந்து வரும் முறை. இப்போது பல பிராண்டுகள் தானியத்தில் இருந்து எடுத்த ஸ்பிரிட்டுக்கு மாறியிருக்கின்றன. ஆனாலும் அடிப்படை அதேதான். கரும்பில் இருந்து எடுத்தால் அதை ரம் வகையில் சேர்ப்பதுதான் உலக வழக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி விஸ்கி என்றால் தானியத்தில் இருந்து எடுத்திருக்க வேண்டும், மரப் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு இருந்திருக்க வேண்டும்.

இந்தியாவில் ஏன் இப்படி ஆனது? வில்லன் என்று யாரையும் சொல்ல முடியாது. உணவுத் தட்டுப்பாடு இருந்த காலத்தில் தானியத்தை எடுத்து சாராயம் காய்ச்சுவதை எந்த அரசும் விரும்பாது. மொலாசஸ் மலிவு, கரும்பு விளையும் மாநிலங்களில் ஏராளம். அதிலும் ஒரு பொருளை மூன்று, நான்கு ஆண்டு கிடங்கில் பூட்டி வைத்துப் பணத்தை முடக்க வேண்டியதில்லை.

இதே காலத்தில் பெயர்கள் மட்டும் ஸ்காட்லாந்து வாடையோடு இருந்தன. பெங்களூருவின் கோடே நிறுவனம் 1968ல் அறிமுகப்படுத்திய 'பீட்டர் ஸ்காட்' பெயரை எதிர்த்து ஸ்காட்ச் விஸ்கி சங்கம் நடத்திய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2008ல் கோடே நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. பல ஆண்டுகள் எதிர்ப்பு சொல்லாமல் இருந்துவிட்டு இவ்வளவு தாமதமாக வந்து கேட்கக் கூடாது என்பது முக்கியக் காரணங்களில் ஒன்று. அம்ருத் நிறுவனமே தன் கலப்பு விஸ்கி ஒன்றுக்கு வைத்த பெயர் 'மெக்கிண்டாஷ்'. இன்றைய சிங்கிள் மால்ட் பெயர்களைப் பாருங்கள்: அம்ருத், ராம்பூர், இந்த்ரி, கோடாவன். லேபிளில் ஊர்ப் பெயர் போடக் கூச்சப்பட்ட காலம் போய், ஊர்ப் பெயரே விலை பேசும் காலம் வந்திருக்கிறது.

இந்தியாவில் முதல் மால்ட் எப்போது?

இமாச்சலப் பிரதேசத்தின் கசௌலியில் 19ஆம் நூற்றாண்டிலேயே எட்வர்ட் டயர் என்ற ஆங்கிலேயர் மது ஆலை தொடங்கினார். ஜாலியன்வாலா பாக்கில் துப்பாக்கிச் சூட்டுக்கு உத்தரவிட்ட ஜெனரல் டயரின் அப்பாதான் இவர். சுதந்திரத்துக்குப் பிறகு நரேந்திர நாத் மோகன் கைக்கு வந்த அந்த நிறுவனம்தான் ஓல்டு மங்க் ரம் தயாரிக்கும் இன்றைய மோகன் மீக்கின். மலைப்பகுதியில் பார்லி மால்ட் விஸ்கி தயாரிக்கும் பழக்கம் அங்கே தொடர்ந்தது. 1990களின் தொடக்கத்தில் கோவாவின் போண்டாவில் இருந்து மெக்டவல்ஸ் சிங்கிள் மால்ட் வந்தது. ஆனால் அது சிறிய அளவிலேயே நின்றுவிட்டது. உலகம் திரும்பிப் பார்த்தது அம்ருத்தால்தான்.

அம்ருத் செய்தது என்ன?

1948ல் ராதாகிருஷ்ண ஜக்தாலே பெங்களூருவில் தொடங்கிய நிறுவனம் அம்ருத். ரம், பிராந்தி, கலப்பு விஸ்கி என்று மற்றவர்கள் போலத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த தலைமுறையான நீலகண்ட ஜக்தாலே, 1980களில் கலப்பு விஸ்கியின் தரத்தைக் கூட்ட பார்லி மால்ட் காய்ச்ச ஆரம்பித்தார். கலப்பதற்காகப் பீப்பாயில் வைத்த மால்ட் சேர்ந்துகொண்டே போனது. எதிர்பார்த்ததைவிட நன்றாகவும் இருந்தது.

அவருடைய மகன் ரக்ஷித் அப்போது இங்கிலாந்தின் நியூகாசிலில் எம்பிஏ படித்துக்கொண்டிருந்தார். பிரிட்டனில் ஆயிரக்கணக்கான இந்திய உணவகங்கள் இருக்கின்றனவே, அங்கே ஒரு இந்திய விஸ்கியை விற்க முடியுமா? இதையே படிப்புக்கான ஆய்வாக எடுத்துக்கொண்டார். பெயரைச் சொல்லாமல் கிளாஸ்கோவில் ருசிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். குடித்தவர்கள் ஸ்காட்ச் என்றே நினைத்தார்கள்.

ஆனால் பெயரைச் சொன்ன பிறகு விற்பது வேறு கதை. இந்திய உணவகத் திட்டம் கைகொடுக்கவில்லை. கறிக்கு பீர் குடிக்க வருபவரிடம் சிங்கிள் மால்ட் விற்பது கஷ்டம். அதனால் விஸ்கிக்கென்றே இருக்கும் கடைகள், விஸ்கித் திருவிழாக்கள் பக்கம் திரும்பினார்கள். அங்கே வருபவர்கள் புதிதாக எது வந்தாலும் ருசித்துப் பார்க்கும் ரகம். பல வருடம் ஊர் ஊராகப் போய் கிளாஸ் கிளாஸாக ஊற்றிக் காட்டிய வேலை அது.

பலன் கிடைத்தது அம்ருத் ஃப்யூஷன் என்ற பாட்டிலில். இந்திய பார்லியோடு, பீட் எனப்படும் சதுப்பு நிலக் கரிமண் புகையில் உலர்த்திய ஸ்காட்லாந்து பார்லியையும் சேர்த்துச் செய்தது அது. பிரிட்டன் விமர்சகர் ஜிம் முர்ரே தன்னுடைய 'விஸ்கி பைபிள்' 2010 பதிப்பில் இதற்கு 100க்கு 97 மதிப்பெண் கொடுத்து, உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கி என்றார். அதற்குப் பிறகுதான் வெளிநாட்டுக் கடைக்காரர்கள் தாங்களாகவே கேட்டு வர ஆரம்பித்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. பெங்களூருவில் தயாரான இந்தப் பாட்டில் பெங்களூருவில் விற்பனைக்கு வந்ததே 2010ல்தான். வெளியே போய் நல்ல பெயர் வாங்கி வந்த பிறகுதான் உள்ளூரில் மரியாதை. கர்நாடக சங்கீதம் முதல் யோகா வரை நமக்குப் பழக்கமான கதைதான்.

நீலகண்ட ஜக்தாலே 2019ல் காலமானார்.

வெயில்தான் மாஸ்டர்

இந்திய சிங்கிள் மால்ட்டின் பலம், பலவீனம் இரண்டுமே ஒரே விஷயம்: வெயில். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் மொத்தப் பொருளாதாரமும் இதில்தான் இருக்கிறது.

பீப்பாய் முழுமையாக மூடிய பாத்திரம் இல்லை. மரத்தின் நுண்துளைகள் வழியாக உள்ளே இருப்பது கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். இந்த இழப்பை 'தேவதைகளின் பங்கு' என்று விஸ்கி தொழிலில் சொல்வார்கள். குளிரான ஸ்காட்லாந்தில் இது ஆண்டுக்கு சுமார் 2 சதவீதம். பெங்களூருவில் 10 முதல் 12 சதவீதம். நமக்கு 'ஜில்' என்று இருக்கும் பெங்களூரு, விஸ்கி பீப்பாய்க்கு கொதிக்கும் ஊர்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 200 லிட்டர் பீப்பாய் ஒன்று. ஆண்டுக்கு 2 சதவீதம் போனால், 5 ஆண்டில் 181 லிட்டர் மிஞ்சும். 12 ஆண்டில் 157 லிட்டர் மிஞ்சும். அதே பீப்பாயில் ஆண்டுக்கு 10 சதவீதம் போனால், 5 ஆண்டில் 118 லிட்டர்தான். 12 ஆண்டு காத்திருந்தால் வெறும் 56 லிட்டர். நான்கில் மூன்று பங்கு காற்றோடு போயிருக்கும். அதனால்தான் '12 ஆண்டு', '18 ஆண்டு' என்று ஸ்காட்ச் பாட்டிலில் பார்க்கும் எண்களை இந்திய பாட்டிலில் அரிதாகவே பார்க்கிறோம். அம்ருத் 2013ல் 8 ஆண்டு பழைய விஸ்கி ஒன்றை வெளியிட்டது. அதற்கு வைத்த பெயர் 'கிரீடி ஏஞ்சல்ஸ்', பேராசை பிடித்த தேவதைகள்.

சரி, இழப்பு மட்டும்தானா? இல்லை. அதே வெப்பம்தான் மரத்துக்குள் திரவத்தை வேகமாகத் தள்ளி இழுக்கிறது. வெயிலில் விரிந்து மரத்துக்குள் போவதும், இரவில் சுருங்கி வெளியே வருவதும் நடக்க நடக்க, மரத்தில் உள்ள வெனிலா, மசாலா போன்ற வாசனைகளும் நிறமும் சீக்கிரம் இறங்கும். இந்தியாவில் ஒரு வருடம் ஸ்காட்லாந்தில் மூன்று வருடத்துக்குச் சமம் என்று தயாரிப்பாளர்கள் சொல்வது இதனால்தான். இதை அப்படியே வாய்ப்பாடாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மரத்தின் வாசனை சீக்கிரம் ஏறுவது உண்மை. ஆனால் நீண்ட காலம் காற்றுபடுவதால் மெதுவாக நடக்கும் மாற்றங்கள் எல்லாம் மூன்று மடங்கு வேகத்தில் நடக்கும் என்று சொல்ல முடியாது. பீப்பாயில் ஒரு வருடம் கூடுதலாக விட்டாலே மரக் கசப்பு தூக்கலாகிவிடும் அபாயமும் இந்த வெயிலில் அதிகம். எப்போது எடுப்பது என்று முடிவு செய்வதுதான் இங்கே மாஸ்டர் பிளெண்டரின் உண்மையான திறமை.

ஊருக்கு ஊர் இது மாறும். வட இந்தியாவின் வறண்ட கோடையில் பீப்பாயில் இருந்து தண்ணீர் அதிகம் ஆவியாகி, ஆல்கஹால் அளவு ஏறப் பார்க்கும். கோவா போன்ற ஈரப்பதம் நிறைந்த கடலோரத்தில் ஆல்கஹால் அதிகம் ஆவியாகி, அளவு இறங்கப் பார்க்கும். ஒரே பார்லி, ஒரே வகைப் பீப்பாய் என்றாலும் கர்னாலில் ஊறியதும் கோவாவில் ஊறியதும் ஒன்றாக இருக்காது.

பார்லியிலும் வித்தியாசம் உண்டு. ஸ்காட்லாந்தில் ஒரு கதிரில் இரண்டு வரிசை மணி இருக்கும் பார்லி. ராஜஸ்தான், ஹரியானா, பஞ்சாப் பகுதிகளில் அதிகம் விளைவது ஆறு வரிசை பார்லி. இதில் மாவுச்சத்து குறைவு, புரதமும் உமியும் அதிகம். ஒரு டன்னுக்குக் கிடைக்கும் ஸ்பிரிட் குறையும். ஆனால் கொஞ்சம் எண்ணெய்ப்பசையான, கனமான தன்மை வரும் என்கிறார்கள். முன்பு குறையாகப் பார்த்ததை இப்போது லேபிளில் பெருமையாக அச்சடிக்கிறார்கள்.

அடுத்தடுத்து வந்தவர்கள்

அம்ருத் திறந்த கதவில் முதலில் நுழைந்தது இன்னொரு பெங்களூரு நிறுவனம், பால் பி. ஜான் தொடங்கிய ஜான் டிஸ்டில்லரீஸ். கோவாவில் தயாராகும் அதன் 'பால் ஜான்' சிங்கிள் மால்ட் 2012ல் பிரிட்டனில் அறிமுகமானது. ராசி பெயர்களில் அவர்கள் வெளியிடும் வரிசையில் 'மிதுனா' என்ற விஸ்கிக்கு, 2021 'விஸ்கி பைபிள்' பதிப்பில் அதே மூன்றாம் இடம் கிடைத்தது.

2016ல் உத்தரப் பிரதேசத்தின் ராம்பூரில் இருந்து ரேடிகோ கைத்தான் நிறுவனத்தின் 'ராம்பூர்' வந்தது. அந்த ஆலை 1943ல் இருந்தே இருக்கிறது. இந்திய திராட்சை ஒயின் வைத்திருந்த பீப்பாயில் ஊறவைத்த 'அசாவா' இவர்களுடையது.

பிறகு வந்ததுதான் அதிகம் பேசப்பட்ட 'இந்த்ரி'. ஹரியானாவின் கர்னால் மாவட்டத்தில் உள்ள சிறு ஊரின் பெயர் அது. பிக்காடிலி அக்ரோ நிறுவனம் 2021ல் 'இந்த்ரி ட்ரினி'யைக் கொண்டுவந்தது. மூன்று வகைப் பீப்பாய்களில் ஊறியது என்பதால் ட்ரினி. இதை உருவாக்கிய சுரிந்தர் குமார் முன்பு அம்ருத்தில் மாஸ்டர் பிளெண்டராக இருந்தவர்.

இதன் பிறகு பன்னாட்டு நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை. ஸ்காட்ச் விற்பதில் உலகின் முதல் இரண்டு இடங்களில் இருக்கும் டியாஜியோவும் பெர்னோ ரிக்காரும் இந்தியாவிலேயே சிங்கிள் மால்ட் தயாரிக்க இறங்கிவிட்டன. டியாஜியோ ராஜஸ்தானில் இருந்து 'கோடாவன்', பெர்னோ ரிக்கார் நாசிக் பகுதியில் இருந்து 'லாங்கிடியூட் 77'. கோடாவன் என்பது அழிவின் விளிம்பில் இருக்கும் கானமயில் பறவையின் ராஜஸ்தானி பெயர். ஜம்முவில் இருந்து 'கியான்சந்த்', இன்னும் சில. ஸ்காட்லாந்தில் டஜன் கணக்கில் டிஸ்டில்லரி வைத்திருப்பவர்களே இங்கே வந்து காய்ச்சுகிறார்கள் என்பதுதான் இந்தச் சந்தை பற்றிய மிக நம்பகமான சான்று. விருதுகளைவிட.

'உலகின் சிறந்த விஸ்கி' விருது உண்மையா?

2023ல் 'இந்த்ரி தீபாவளி கலெக்டர்ஸ் எடிஷன்' அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த 'விஸ்கீஸ் ஆஃப் தி வேர்ல்டு' போட்டியில் 'பெஸ்ட் இன் ஷோ, டபுள் கோல்டு' பெற்றது. வாட்ஸ்அப் முழுக்க 'உலகின் சிறந்த விஸ்கி இந்தியாவுடையது' என்று பரவியது. நிறுவனத்தின் பங்கு விலையும் எகிறியது.

பரிசு கிடைத்தது உண்மை. ஆனால் 'பெஸ்ட் இன் ஷோ' என்றால் அந்தப் போட்டிக்கு அனுப்பப்பட்ட பாட்டில்களில் சிறந்தது என்று பொருள். உலகில் இருக்கும் எல்லா விஸ்கியும் அங்கே வந்து நிற்கவில்லை. இப்படிப்பட்ட போட்டிகள் உலகம் முழுக்கப் பல நடக்கின்றன, நிறுவனங்கள் கட்டணம் செலுத்திப் பாட்டிலை அனுப்புவதுதான் பொதுவான நடைமுறை. அதேபோல ஜிம் முர்ரேயின் மதிப்பெண் ஒரு தனி மனிதரின் நாக்கு சொன்னது. இவை எல்லாம் கவனத்தைப் பெற்றுத்தந்தன, கதவைத் திறந்தன. ஒலிம்பிக் தங்கம் மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இன்னொன்றையும் அளவோடு பார்க்க வேண்டும். 3.45 லட்சம் கேஸ் என்பது பெரிய எண்ணாகத் தெரியலாம். மெக்டவல்ஸ் நம்பர் ஒன் என்ற ஒரே ஒரு கலப்பு பிராண்டு ஆண்டுக்கு 3 கோடி கேஸுக்கு மேல் விற்கிறது. இந்திய விஸ்கிக் கடலில் சிங்கிள் மால்ட் இன்னும் ஒரு கரண்டிதான்.

லேபிளில் என்ன பார்க்க வேண்டும்?

பாட்டிலில் 'மால்ட்' என்று இருப்பதும் 'சிங்கிள் மால்ட்' என்று இருப்பதும் ஒன்றல்ல. எந்த டிஸ்டில்லரியில் தயாரானது என்ற விவரம் இருக்கிறதா என்று பாருங்கள். பல இந்திய பாட்டில்களில் 42.8 சதவீதம் ஆல்கஹால் என்று வித்தியாசமான எண் இருக்கும். பழைய பிரிட்டிஷ் 'புரூஃப்' அளவில் 75 டிகிரி என்பதன் இன்றைய கணக்குதான் அது. வெள்ளைக்காரன் போனாலும் அவன் அளவுகோல் போகவில்லை. 46 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்தால், பெரும்பாலும் குளிர வைத்து வடிகட்டாமல் பாட்டிலில் அடைத்தது.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். விலை கூடிய மது என்பதால் உடம்புக்குக் கெடுதல் குறைவு என்று நினைப்பது தவறு. பார்லியில் எடுத்தாலும் மொலாசஸில் எடுத்தாலும் கல்லீரலுக்குப் போவது அதே எத்தனால்தான். பாதுகாப்பான அளவு என்று ஒன்று மதுவில் கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது.

வரி குறைந்தால் என்ன ஆகும்?

இப்போது முக்கியமான கேள்வி. இறக்குமதி விஸ்கிக்கு இந்தியா விதித்து வந்த சுங்க வரி 150 சதவீதம். இந்திய சிங்கிள் மால்ட்டுக்கு இது பெரிய குடை. 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான இந்தியா - பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தம் அந்தக் குடையைச் சுருக்குகிறது. ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததும் வரி 75 சதவீதமாகும். பிறகு படிப்படியாகக் குறைந்து பத்தாவது ஆண்டில் 40 சதவீதத்துக்கு வரும்.

இதுவும் எளிய கணக்குதான். துறைமுகத்துக்கு வரும்போது 1,000 ரூபாய் மதிப்புள்ள ஸ்காட்ச் பாட்டில், 150 சதவீத வரியோடு 2,500 ரூபாய். 75 சதவீதம் என்றால் 1,750 ரூபாய். 40 சதவீதம் என்றால் 1,400 ரூபாய்.

அப்போ கடையில் ஸ்காட்ச் பாதி விலைக்குக் கிடைக்குமா? கிடைக்காது. மது மாநிலப் பட்டியலில் இருக்கும் விஷயம். ஜிஎஸ்டியும் கிடையாது. கலால் வரி, விற்பனை வரி, லேபிள் பதிவுக் கட்டணம் என்று ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகப் போடும். அதனால்தான் ஒரே பாட்டில் கோவாவில் ஒரு விலை, பெங்களூருவில் ஒரு விலை. தமிழ்நாட்டில் 2003ல் இருந்து சில்லறை விற்பனையே டாஸ்மாக் கையில் இருப்பதால், எந்த பிராண்டு அலமாரிக்கு வரும் என்பதையும் அங்கேதான் முடிவு செய்கிறார்கள். சுங்க வரிக் குறைப்பு வாடிக்கையாளர் கையில் வந்து சேரும்போது பாதிக்கு மேல் கரைந்திருக்கும்.

ஆனாலும் அடி விழும் இடம் ஒன்று இருக்கிறது. அம்ருத், பால் ஜான், இந்த்ரி போன்றவை மோதுவது நடுத்தர விலை ஸ்காட்ச் சிங்கிள் மால்ட்டுகளோடு. அந்த இடைவெளி சில நூறு ரூபாய் குறைந்தாலே, 'கொஞ்சம் போட்டு ஸ்காட்ச்சே வாங்கிடலாமே' என்று யோசிப்பவர்கள் இருப்பார்கள். மறுபக்கம், கலப்பு விஸ்கி தயாரிக்கும் இந்திய நிறுவனங்களுக்கு இது லாபம். மொத்தமாக இறக்குமதி செய்து கலக்கும் ஸ்காட்ச் அவர்களுக்கு மலிவாகும். ஆக, இந்திய மதுத் தொழிலுக்குள்ளேயே எல்லோருக்கும் இதில் ஒரே கருத்து இல்லை.

பிரிட்டனுக்கு இந்த வரி ஏன் இவ்வளவு முக்கியம்? 2024ல் இந்தியாவுக்கு 19 கோடி பாட்டிலுக்கு மேல் ஸ்காட்ச் ஏற்றுமதியானது. எண்ணிக்கையில் அவர்களின் முதல் சந்தை நாம்தான்.

மூன்று வருட விதி: யாருக்குச் சாதகம்?

வரியைவிடச் சிக்கலான சண்டை இது. பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் 3 ஆண்டு பீப்பாயில் இல்லாததை விஸ்கி என்று விற்க முடியாது. நம் வெயிலில் சீக்கிரம் முதிர்ந்துவிடுகிறது, மூன்று ஆண்டு வைத்தால் மூன்றில் ஒரு பங்கு வரை ஆவியாகிவிடுகிறது, எங்களுக்கு மட்டும் ஏன் ஸ்காட்லாந்து குளிரின் விதி என்று இந்திய நிறுவனங்கள் கேட்கின்றன. கேள்வி நியாயமானதுதான்.

ஆனால் இதன் இன்னொரு பக்கம் உள்நாட்டில் இருக்கிறது. மது வகைகளுக்கான தர விதிகளை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் 2018ல் கொண்டுவந்தது. அப்படியிருந்தும் ஸ்காட்லாந்தைப் போல கறாரான மூன்று ஆண்டு விதி இந்தியாவில் இல்லை. இந்தியாவில் மட்டும் விற்கும் பாட்டில் எத்தனை காலம் மரத்தில் இருந்தது என்பதைத் தயாரிப்பாளரின் நேர்மையை நம்பித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஏற்றுமதி செய்யும் பெரிய பெயர்களுக்கு இதில் பிரச்சினை இல்லை. அவர்கள் எப்படியும் ஐரோப்பிய விதியைத் தாண்டியாக வேண்டும். சிங்கிள் மால்ட் நன்றாக விலை போகிறது என்று தெரிந்து புதிதாக வருபவர்கள் எல்லோரும் அதே அளவுக்கு மெனக்கெடுவார்கள் என்று சொல்ல முடியாது.

இருபது வருடம் ஊர் ஊராக அலைந்து சேர்த்த பெயரை ஒன்றிரண்டு அவசரத் தயாரிப்புகள் கெடுத்துவிடக் கூடாது என்பதால்தான், 'இந்தியன் சிங்கிள் மால்ட்' என்றால் இதுதான் என்று சட்டத்தில் தெளிவாக எழுத வேண்டும் என்ற குரல் தயாரிப்பாளர்களிடம் இருந்தே வருகிறது. வயது விதியைத் தளர்த்தச் சொல்வதும், தர விதியை இறுக்கச் சொல்வதும் ஒரே தொழிலில் இருந்து வரும் இரண்டு கோரிக்கைகள். இரண்டையும் ஒன்றாக வைத்து எப்படி எழுதுவது என்பதுதான் இனி அரசு முடிவு செய்ய வேண்டியது.